ஊற்று மணல்

எங்கள் குடும்பத்தில் பிள்ளைக்கு முதல் மொட்டை எடுத்தால், மழித்த தலையில் முதல் தண்ணீர் விடுவது அத்தையின் உரிமை. ஆற்றில் ஓடுகிற தண்ணீர் அதற்கு ஆகாது. அத்தை மணலில் உட்கார்ந்து, மண்வெட்டி தொடாமல், இரண்டு கையாலும் ஊற்று தோண்ட வேண்டும். கலங்கலாகச் சுரப்பதை மூன்று முறை இறைத்து வெளியே கொட்டிவிட்டு, நான்காவதாகத் தெளிந்து வருவதைச் செம்பில் மொண்டு பிள்ளையின் தலையில் விட வேண்டும். அதே தண்ணீரில் ஒரு மடக்கு பிள்ளையின் வாயிலும் போகும். அத்தைக்கு எடுக்கும் சேலையும் பழத்தட்டும் இந்த வேலைக்காகத்தான்.

என் தம்பிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பெண், ஆறு வயது. இளையவன் போன வைகாசியில் பதினோரு மாதக் குழந்தை. இரண்டுக்கும் நான் ஒருத்திதான் அத்தை. தேனியில் தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு லேப்பில் வேலை பார்க்கிறேன். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் என்று பாட்டில் பாட்டிலாக வரும். அதில் கிருமி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. இந்த வேலைக்கு வந்த பிறகு நான் நிம்மதியாக வெளியே ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் என் பையிலிருந்து பாட்டில் வெளியே வரும். "எங்கக்கா கையக் கழுவிக் கழுவி ரேகையே அழிஞ்சு போச்சு, ரேஷன் கடையில கைநாட்டு விழ மாட்டேங்குது" என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். கைநாட்டு விழாதது உண்மைதான்.

இப்படிப்பட்ட நான்தான் ஒரு காலத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மூத்தவளுக்கு மொட்டை எடுத்த வருஷம், தம்பி மனைவிக்கு ஒரு தயக்கம் இருந்தது. மேலே இருக்கிற ஊர்களின் சாக்கடையெல்லாம் முல்லையாற்றில் கலக்கிறதே, அந்தக் கரையில் தோண்டுகிற தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டாள். நான் ஏதோ பெரிய விஞ்ஞானி போல, "மணலு வடிகட்டிக் குடுக்குற தண்ணி தாயி அது. ஓடுற தண்ணிய விட ஊத்துத் தண்ணி தேவலாம்" என்றேன். நான் சொன்னது என் தொழிலில் பரிசோதித்து அறிந்ததில்லை. சின்ன வயதிலிருந்து காதில் விழுந்ததை லேப்காரியின் குரலில் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான். தம்பி அதைப் பங்காளிகள் அத்தனை பேரிடமும் கொண்டு போய்ச் சேர்த்தான். "எங்கக்காவே சொல்லிட்டாக" என்பது அந்த வருஷம் எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டையில் எங்கள் சொந்தத்துக்குள் ஒரு முத்திரை மாதிரி ஆகிவிட்டது.

தோண்டினேன். மூன்று முறை இறைத்தேன். கண்ணாடி போலத் தெளிந்து வந்தது. செம்பில் மொண்டு ஊற்றினேன், வாயிலும் விட்டேன். பிள்ளை சப்புக் கொட்டிக் குடித்தாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல். நான்காம் நாள் வயிற்றுப்போக்கில் ரத்தம். தேனி ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தாள். ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் அந்தச் சின்னக் காலில் நர்ஸ் தேடியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வந்து பார்த்தவர்கள் எல்லாம் கண்பட்டுவிட்டது என்றார்கள். தம்பி மனைவி பிள்ளையின் பாதத்தைப் பிடித்தபடி, சாப்பிடாமல், தலை வாராமல் உட்கார்ந்திருந்தாள். நான் காலையும் மாலையும் இட்லி கொண்டு போனேன்.

இன்னொன்றும் செய்தேன். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாவது நாள், ஒருவரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஆற்றுக்குப் போய், நான் தோண்டிய ஊற்றிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து வந்தேன். லேப்பில் அதை ஊற்றி வைத்த சோதனைக் குழாய்கள் அத்தனையும் மறுநாள் மஞ்சளாகத் திரும்பி, உள்ளே வாயு ஏறியிருந்தது. மலக்கிருமி இருந்தால் அப்படித்தான் ஆகும். உடனே நானே எனக்கு வக்கீல் ஆனேன். அது திறந்து கிடந்த குழி, ஆடு மாடு வாய் வைத்திருக்கும், சாம்பிள் முறையாக எடுத்ததில்லை, இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் அதைக் காரணம் காட்டி வாயை மூடிக்கொண்டேன் பாருங்கள், அது சரியில்லை. குழாய்களைக் கொதிக்க வைத்துக் கழுவி அடுக்கிவிட்டு, மறுபடி இட்லி எடுத்துக்கொண்டு போனேன்.

பிள்ளை தேறி வீட்டுக்கு வந்துவிட்டாள். நானும் மறந்த மாதிரி இருந்தேன். அப்புறம் ஒரு பயிற்சிக்கு எங்களை அனுப்பினார்கள். கடலோர ஊரில் வேலை பார்க்கும் ஒரு அம்மா வந்து பேசினார். கடற்கரையில் தண்ணீரை மட்டும் சோதித்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது, மணலையும் சோதிக்க வேண்டும் என்றார். தண்ணீரில் வரும் கிருமி அலையோடு போய்விடும். மணலுக்குள் போனது ஈரத்தில் நிழலில் சௌக்கியமாகக் குடியிருக்கும். பெரியவர்கள் தண்ணீரில் குளித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், பிள்ளைகள் மணலில் நாளெல்லாம் கிடக்கின்றன, அந்தக் கையோடு தின்கின்றன என்றார். அறையில் ஏசி போட்டிருந்தார்கள். எனக்கு முதுகில் வேர்த்தது. வடிகட்டுகிறது என்று நான் சொன்ன மணல், வடிகட்டியதை எங்கே வைத்துக்கொள்ளும் என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

இளையவனுக்கு மொட்டைக்கு நாள் குறித்துவிட்டதாகத் தம்பி போன் செய்தபோது எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வந்தது. வைகாசி. மழை பிடித்து அணையில் முதல்போகத்துக்குத் தண்ணீர் திறக்கும்வரை ஆறு ஒரு ஓரமாக ஒடுங்கி ஓடும், மணல் அகலமாக வெளியே கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, அதே ஆற்றங்கரைக் கோயில். "அத்தை சேலை என்ன கலர்ல எடுக்கட்டும்னு கேக்கச் சொன்னா" என்றான். நான் பச்சை என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

எங்கள் கெமிஸ்ட் சாரிடம் மணலைச் சோதிக்க வேண்டும் என்றேன். அவர் நல்ல மனிதர், ஆனால் ஃபார்முக்கு வெளியே யோசிக்க மாட்டார். "மணலுக்குன்னு நம்மகிட்ட ஃபார்மே இல்லையேம்மா. எவ்வளவு இருந்தா தப்புன்னு எதை வச்சு எழுதுவீங்க?" என்றார். எழுத வேண்டாம் சார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "என்னமோ பண்ணுங்க" என்று எழுந்து போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் போனேன். ஓடுகிற தண்ணீரில் ஒரு பாட்டில். கரையில் காய்ந்த மேல்மணல் கொஞ்சம். தண்ணீர் விளிம்பின் ஈர மணல் கொஞ்சம். பிறகு கையுறை போட்டு ஒரு ஊற்று தோண்டி, முறைப்படி மூன்று முறை இறைத்துவிட்டு, தெளிந்த தண்ணீரும் குழிக்குள்ளிருந்து மணலும் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் வேறு கரண்டி, வேறு டப்பா, எடுத்த நேரம், எல்லாம் ஐஸ் பெட்டிக்குள். மாடு குளிப்பாட்ட வந்த ஒருவர் நின்று பார்த்தார். "மணல் அள்ளுறதுக்கு அளவெடுக்க வந்தீகளாம்மா?" என்றார். இல்லை அய்யா, கிருமி பார்க்க என்றேன். "மணல்ல என்ன கிருமி? வெயில்ல பூராம் செத்துப்போகுமே" என்று சொல்லிவிட்டு மாட்டைத் தண்ணீருக்குள் ஓட்டினார். நானும் அந்த நம்பிக்கையோடுதான் பஸ் ஏறினேன். மேல்மணலிலாவது அவர் சொன்னது பலிக்க வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் வேண்டிக்கொண்டு வந்தேன்.

மணலைச் சோதிப்பது பெரிய வித்தையில்லை. எடை போட்டு, கிருமி நீக்கிய தண்ணீரில் போட்டு நன்றாகக் குலுக்கி, மணல் அடியில் தங்கியதும் மேலே நிற்பதை மெல்லிய வடிதாளில் வடித்து, அந்தத் தாளை கிருமிக்குத் தீனியான ஊட்டக்கூழ் பூசிய பிளேட்டில் வைத்துச் சூட்டுப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஒரு நாள் பொறுத்தால் மலக்கிருமி பச்சையாக மினுங்கும் புள்ளிகளாக முளைக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் திறந்தேன். ஓடுகிற தண்ணீரின் பிளேட்டில் புள்ளிகள் இருந்தன, எண்ண முடிந்தது. காய்ந்த மேல்மணலில் சில. ஈர மணலிலும் குழி மணலிலும் எண்ணவே முடியவில்லை, பிளேட் முழுக்க ஒரே பச்சை மினுமினுப்பு. தெளிந்த ஊற்றுத் தண்ணீர், நான் செம்பில் மொண்டு பிள்ளையின் வாயில் விட்ட அதே தண்ணீர், ஓடுகிற தண்ணீரைவிட மோசமாக இருந்தது. இந்தத் தடவை குழி புதிது. நானே தோண்டியது, நானே முறையாக எடுத்தது. வக்கீலுக்கு வேலையில்லை.

சாயங்காலம் மார்க்கையன்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தேன். தம்பி வாசலில் பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தான். தம்பி மனைவி உள்ளே, தாய்மாமன் கொண்டுவந்திருந்த பட்டுச் சட்டையை மடியில் வைத்து, பொத்தானை இறுக்கித் தைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை பக்கத்தில் தவழ்ந்துகொண்டிருந்தான். மொட்டைத் தலையில் கத்தி பட்ட கீறலும் இருக்கும், அதிலும் இந்தத் தண்ணீர் படும் என்று நினைத்தபோது எனக்குத் தாங்கவில்லை. உட்காராமலே சொன்னேன்.

"தாயி, நாளைக்கு ஊத்துத் தண்ணி வேணாம். சோதிச்சுப் பாத்துட்டேன். நல்லா இல்ல."

பின்னாலேயே வந்த தம்பி முகம் சுளித்தான். "ஏக்கா, நீதான அன்னைக்கு வடிகட்டுன தண்ணின்னு சொன்ன? நான் ஊரு பூராம் சொல்லி வச்சிருக்கேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாத்திச் சொல்றது?"

"நான் சொன்னது தப்பு" என்றேன்.

"மூத்தவளுக்கு ஊத்தலையா? நல்லாத்தான இருக்கா?"

தம்பி மனைவி ஊசியை நிறுத்தினாள். அவள் படித்தது பத்தாவதுதான், ஆனால் எங்கள் வீட்டில் ஒரு பேச்சை முடிச்சுப் போட்டுப் பார்க்கத் தெரிந்தவள் அவள்தான்.

"மூணாம் நாளுதான காச்ச வந்துச்சு" என்றாள். தம்பியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "அந்தத் தண்ணிலதானா மதினி?"

"உறுதியாச் சொல்ல முடியாது. இருக்கலாம்."

"எப்ப இருந்து அப்படித் தோணுது ஒங்களுக்கு?"

பூசி மெழுக நேரம் இருந்தது. பயிற்சியில் கேட்டேன், இன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். ஏனோ அன்றைக்கு என் நாக்கு வளையவில்லை.

"அவ ஆஸ்பத்திரில இருக்கும்போதே. போயித் தண்ணி எடுத்தாந்து பாத்தேன். அதுல இருந்துச்சு."

அவள் சட்டையை மடித்து வைத்தாள். "கண்ணுபட்டுச்சு கண்ணுபட்டுச்சுன்னு நான் மெளகா சுத்திப் போட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "டாக்டரு வந்து வெளிய என்ன குடுத்தீக, என்ன குடுத்தீகன்னு நாலு தடவை கேட்டாரு. ஒண்ணுமே குடுக்கலைன்னு சொன்னேன். நீங்க பக்கத்துலதான் நின்னீக."

நின்றேன். அதை அவள் சொல்லும்வரை நான் அப்படி நினைத்துப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. என் வயதுக்கு, என் படிப்புக்கு, அந்த அறையில் நிற்கவே கூசியது. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊத்து நீங்க தோண்டுங்க, அது முறை" என்று எழுந்தாள் அவள். "தண்ணி நான் கொண்டாரேன்."

ஞாயிற்றுக்கிழமை புதுப் பச்சைச் சேலை கட்டி மணலில் உட்கார்ந்து, சொந்தபந்தம் சுற்றி நிற்க, இரண்டு கையாலும் தோண்டினேன். மூன்று முறை இறைத்தேன். என்ன தெளிவாக வந்தது தெரியுமா? அடியில் கிடந்த ஒவ்வொரு மணலும் தெரிந்தது. எனக்கே ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்துவிட்டது. கிருமி கண்ணுக்குத் தெரிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழ, மொட்டை முடிந்தது. காதுக்குப் பின்னால் ஒரு கீறலில் ரத்தம் அரும்பியிருந்தது. நான் செம்பைக் கையில் எடுக்கும் முன்பே தம்பி மனைவி எவர்சில்வர் தூக்கோடு வந்துவிட்டாள். விடியக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். தானே பிள்ளையின் தலையில் ஊற்றினாள்.

"என்னடியாத்தா, அத்தை இருக்கயில ஆத்தாளே ஊத்துறா?" என்று கூட்டத்தில் ஒரு பெரியம்மா கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது.

"மதினிக்குக் கை சொகமில்ல" என்றாள் அவள். குரல் உயரவில்லை.

முழங்கை வரை மணல் ஒட்டிய என் இரண்டு கையும் சுகமாகத்தான் இருந்தன. என்னைக் காப்பாற்றினாளா, தண்டித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும் குழந்தை தப்பித்தான் என்று மூச்சு விட்டேன். சந்தனம் பூசினார்கள். எல்லாரும் மரத்தடிக்குச் சாப்பிடப் போனார்கள். நான் கையைக் கழுவ, கொண்டுபோன பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தால், என் ஊற்றின் பக்கத்தில் மூத்தவள் உட்கார்ந்திருக்கிறாள். பட்டுப்பாவாடையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடிக்கிறாள்.

"ஏத்தா! துப்பு! துப்புடி!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

அவள் மிரண்டு போனாள். வாயெல்லாம் தண்ணீர் வழிய, "நல்ல தண்ணிதான் அத்தை, மூணு தடவை எறச்சிட்டுத்தான் குடிச்சேன்" என்றாள்.

முறையை ஒழுங்காகக் கற்றிருந்தாள். தோண்டியதை மூட வேண்டும் என்று எனக்குத்தான் தோன்றவில்லை. குழந்தையின் தலையைக் காப்பாற்றுவதிலேயே மனசு இருந்ததால், நஞ்சைத் தோண்டித் திறந்து வைத்துவிட்டு நின்றிருக்கிறேன். தம்பி மனைவி மரத்தடியிலிருந்து பார்த்துவிட்டாள். ஓடிவரவில்லை, நடந்து வந்தாள். பிள்ளையின் வாயை முந்தானையால் துடைத்தாள். பிறகு காலால் மணலைத் தள்ளிக் குழியை மூடினாள், மேலே நின்று மிதித்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. லேப்பில் பிளேட்டைத் திறந்தால் அந்தப் பிள்ளையின் முகம். ஒரு நாள், இரண்டு நாள், மூன்றாம் நாள் காய்ச்சல் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். தினமும் காலையும் மாலையும் தம்பி மனைவியின் நம்பரிலிருந்து போன் வரும். பேசுவது பிள்ளை.

"அத்தை, எனக்குக் காச்ச இல்லைன்னு அம்மா சொல்லச் சொன்னாக."

"வயிறு வலிக்குதாடா?"

"இல்ல. காலையில ஒரு தடவைதான் வெளிய போனேன். கட்டியாத்தான் போனேன்னு சொல்லச் சொன்னாக."

"அம்மா பக்கத்துல இருக்காகளா?"

"இருக்காக."

"குடேன், பேசுறேன்."

"அம்மாவுக்கு வேலையாம்" என்று பிள்ளை வைத்துவிடும்.

மூன்றாம் நாளும் போனது. ஐந்தாம் நாளும் போனது. காய்ச்சல் வரவில்லை. ஏன் அன்றைக்கு வந்தது, ஏன் இன்றைக்கு வரவில்லை? வயது கூடியதாலா, குடித்தது குறைவாலா, வெறும் அதிர்ஷ்டமா? எந்த பிளேட்டும் எனக்கு அதைச் சொல்லவில்லை. ஒரு வாரம் கழிந்ததும் போன் நின்றுவிட்டது. பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்ற நிம்மதியோடு, அந்த வீட்டு வாசல் எனக்கு இனி அவ்வளவுதான் என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

அடுத்த திங்கட்கிழமை காலை லேப் வாசலில் தம்பி மனைவி நின்றாள். பஸ்ஸில் வந்த வேர்வை கூட ஆறவில்லை. ஒரு கட்டைப் பையைத் தூக்கி என் மேசைமேல் வைத்தாள். உள்ளே பிள்ளையின் டிபன் பாக்ஸ். திறந்தால் மணல்.

"வீட்டு முன்னால மாடி எடுக்கக் கொட்டி வச்சிருக்கோம்ல, அந்த மணலு" என்றாள். "தெருப் பூனை பூராம் அதுலதான் போகுது. ரெண்டு பிள்ளைகளும் பொழுதன்னைக்கும் அதுலதான் கெடக்குதுக. டப்பாவையும் கரண்டியையும் வெந்நில போட்டு எடுத்துட்டு, மூணு எடத்துல அள்ளுனேன். கை படல."

"எத்தனை மணிக்கு எடுத்த?"

"ஏழரை."

டப்பாவில் நம்பர் ஒட்டி, நேரத்தை எழுதினேன். அவள் நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பத் தெரியும்?"

"நாளைக்குப் பகல்ல."

"என்ன வந்தாலும் சரி மதினி" என்றாள். "தெரிஞ்ச அன்னைக்கே எனக்குச் சொல்லிரணும்."

காப்பி சாப்பிட்டுப் போ என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

மறுநாள் பதினோரு மணிக்குச் சூட்டுப் பெட்டியைத் திறந்தேன். பிளேட் நல்லபடியாக இல்லை. கையுறையைக் கழற்றினேன். குழாயடிக்குப் போகாமல், கழுவாத கையோடு போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன்.